பயோஆக்டிவ் பல் நிரப்பிகளின் மூடுதிறன்: ஒரு மதிப்பீடு

பயோஆக்டிவ் பல் நிரப்பிகள் என்பவை, சொத்தைப் பல்லில் தோண்டிய குழியை நிரப்புவதோடு நில்லாமல், பல் திசுவோடு வேதிவினை புரிந்து அங்கே கனிமப் படிவை உண்டாக்கும் என்று சொல்லப்படும் பொருள்கள். தமிழில் இவற்றை உயிர்ச்செயல் நிரப்பிகள் எனலாம். எம்.டி.ஏ., பயோடென்டின் ஆகிய கால்சியம் சிலிக்கேட் சிமெண்டுகள், கண்ணாடி அயனோமர் சிமெண்ட், இவற்றின் பண்பைத் தம்முள் சேர்த்திருப்பதாகக் கூறும் சில ரெசின் கலவைகள் ஆகியன இப்பெயரில் விற்கப்படுகின்றன. இவை டென்டினோடு இடைவெளியின்றிப் பொருந்திக் கிருமி புகாமல் மூடுகின்றன என்பதே இவற்றுக்குச் சொல்லப்படும் முதன்மையான பெருமை. இக்கட்டுரை அந்த ஒரு பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எவ்வளவு தூரம் நிற்கிறது என்று பார்க்கிறது.

மூடுதிறன் ஏன் முக்கியம்

1965இல் காகஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகிய மூவர் எலிகளின் கடைவாய்ப் பற்களைத் துளைத்துப் பற்கூழைத் திறந்து, அடைக்காமல் அப்படியே விட்டனர். சாதாரண எலிகளின் பற்கூழ் அழுகிச் செத்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளிலோ, உணவுத் துணுக்குகள் உள்ளே திணிந்திருந்தபோதும், திறந்த இடத்தின் மேல் புதிய டென்டின் பாலம் வளர்ந்தது. மருந்து எதுவும் இடப்படவில்லை. கிருமி இல்லை என்பது ஒன்றுதான் வேறுபாடு. நிரப்பும் பொருள் எதுவாக இருந்தாலும் அதன் முதல் வேலை கிருமியை வெளியே நிறுத்துவது என்பதை இந்தச் சோதனையைப் போல் தெளிவாகக் காட்டியது வேறில்லை. ஒரு பொருள் தாதுப்பை வெளியிடுகிறது, காரத்தன்மை தருகிறது, படிகம் வளர்க்கிறது என்பதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

டென்டின் என்னும் ஈரத்தளம்

பல்லின் வெளிப்புறத்தில் உள்ள எனாமல் ஏறத்தாழ முழுவதும் கனிமம். அதை அமிலத்தால் சற்றே அரித்து ரெசினை ஒட்டலாம் என்று 1955இல் மைக்கேல் புவனோகோர் காட்டியபின், எனாமலோடு ஒட்டுவது பெரும்பாலும் தீர்ந்த கணக்காயிற்று. எனாமலுக்கு அடியில் உள்ள மஞ்சள் நிற டென்டின் அப்படியன்று. எடைக் கணக்கில் ஏறத்தாழ 70 விழுக்காடு கனிமம், 20 விழுக்காடு பெரும்பாலும் கொலாஜன் புரதம், 10 விழுக்காடு நீர். அதனூடே பற்கூழிலிருந்து வெளிநோக்கி நுண்குழாய்கள் ஓடுகின்றன. எனாமலை ஒட்டிய பகுதியில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 20,000 குழாய்கள். பற்கூழை நெருங்கும்போது 45,000. குழாயின் விட்டமும் வெளியே ஒரு மைக்ரோமீட்டருக்குக் குறைவாக இருந்து உள்ளே இரண்டரை மைக்ரோமீட்டர் வரை விரிகிறது. சொத்தையை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற கிருமி அரை முதல் முக்கால் மைக்ரோமீட்டர் அளவினது. வாசலின் அகலம் வருபவனுக்குப் போதும்.

குழாய்களுக்குள் திரவம் இருக்கிறது, அதற்கு அழுத்தமும் இருக்கிறது. ஆகவே உயிருள்ள பல்லில் டென்டினை எவ்வளவு ஊதி உலர்த்தினாலும் அடியிலிருந்து ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். ரெசின் நீரை வெறுப்பது. மேலும் அது இறுகும்போது பருமனில் 2 முதல் 3 விழுக்காடு வரை, சிலவற்றில் அதற்கு மேலும் சுருங்குகிறது. ஜப்பானின் நகபயாஷி 1982இல் விளக்கிய கலப்படலம், அதாவது அமிலம் அரித்த கொலாஜன் வலைக்குள் ரெசின் ஊறி உண்டாகும் படலம், இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்த்தது. ஆனால் ரெசின் முழுதாக ஊறாத இடங்களில் ஆடையிழந்த கொலாஜன் எஞ்சுகிறது. அதை டென்டினிலேயே உறங்கிக்கிடந்த நொதிகள் மெல்ல அரிக்கின்றன. உயிர்ச்செயல் நிரப்பிகளின் வாதம் இந்த இடத்தில்தான் வலுப்பெறுகிறது: ஈரத்தை எதிர்த்துப் போராடுவதற்குப் பதில் ஈரத்தையே பயன்படுத்திக்கொள்ளும் பொருள் இருந்தால் என்ன?

சொல் வந்த வழி

உயிர்ச்செயல் என்ற சொல் பல்லுக்காகப் பிறந்ததன்று. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹென்ச் 1969இல் உருவாக்கிய 45எஸ்5 என்ற கண்ணாடி எலும்போடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது. அதன் மேற்பரப்பில் உடல்நீரின் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து எலும்புக் கனிமத்தை ஒத்த படலம் உண்டாவதே காரணம். அங்கே சொல்லுக்கு வரையறை இருந்தது. பின்னர் ஜப்பானின் கொகுபோ, குருதிநீரின் உப்புகளை ஒத்த கரைசலில் பொருளை ஊறவைத்து, மேலே அபடைட் படிகிறதா என்று பார்க்கும் எளிய சோதனையைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

பல் மருத்துவச் சந்தைக்கு வந்ததும் சொல் நெகிழ்ந்துவிட்டது. தாதுப்பு சிறிது வெளியிடும் ரெசினும் உயிர்ச்செயல், கண்ணாடித் தூள் சிறிது கலந்த பசையும் உயிர்ச்செயல். 2018இல் டென்டல் மெட்டீரியல்ஸ் இதழில் வல்லிட்டு, பொக்காச்சினி, ஹுப்பா, வாட்ஸ் ஆகியோர் எழுதிய தலையங்கம், உயிர்ச்செயல் பல் பொருள்கள் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று தலைப்பிலேயே கேட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். கண்ணாடிக் குடுவையில் உப்புக் கரைசலில் ஊறிய வில்லையின் மேல் படிகம் வளர்வதும், வாயில் எச்சிலும் மெல்லும் விசையும் சூடான காப்பியும் மாறிமாறித் தாக்கும் பல்லில் இடைவெளி அடைபடுவதும் ஒன்றல்ல. முதலாவதைக் காட்டிவிட்டு இரண்டாவதை விற்பது இத்துறை விளம்பரங்களின் பொதுவான குறை.

கண்ணாடி அயனோமர்: எளியதன் வலிமை

லண்டன் அரசு வேதியியலாளர் ஆய்வகத்தில் வில்சனும் கென்ட்டும் உருவாக்கி 1972இல் பிரிட்டிஷ் டென்டல் ஜர்னலில் அறிவித்த கண்ணாடி அயனோமர், இக்குடும்பத்தில் மூத்தது. பாலிஅக்ரிலிக் அமிலமும் ஃபுளோரைடு கலந்த கண்ணாடித் தூளும் சேர்ந்து இறுகும்போது, அமிலத்தின் கார்பாக்சில் தொகுதிகள் பல்லின் கால்சியத்தோடு நேரடியாகப் பிணைகின்றன. தனியாக ஒட்டுத்திரவம் தேவையில்லை. சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும் அளவும் டென்டினுக்கு மிக அருகில் உள்ளது. ரெசின் கலவைகள் இரண்டு மூன்று மடங்கு அதிகம் விரிபவை. ஐஸ்கிரீமுக்குப் பின் சூடான தேநீர் குடிக்கும் வாயில் இது சிறிய செய்தியன்று.

ஆய்வகத்தில் இழுத்துப் பார்த்தால் கண்ணாடி அயனோமரின் பிணைப்பு வலிமை ரெசினைவிட மிகக் குறைவு. இதைக் காட்டி அதை இரண்டாந்தரப் பொருளாக ஒதுக்குவோர் உண்டு. ஆனால் பல்லின் கழுத்துப் பகுதியில் வைத்த நிரப்பிகள் ஆண்டுக்கு எத்தனை விழுகின்றன என்ற மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து பியூமன்ஸ் குழு 2005இல் வெளியிட்ட மதிப்பாய்வில் கண்ணாடி அயனோமரின் சராசரி ஆண்டுத் தோல்வி 1.9 விழுக்காடு. மூன்று படிகளில் கவனமாக ஒட்டும் ரெசின் 4.8, ஒரே படியில் ஒட்டும் ரெசின் 8.1. கழுத்துப் பகுதியில் பிடித்துக்கொள்ளப் பள்ளமோ விளிம்போ இல்லை. ஒட்டு ஒன்றுதான் துணை. அப்படிப்பட்ட இடத்தில் வலிமை குறைந்தது நின்றிருக்கிறது, வலிமை மிகுந்தது விழுந்திருக்கிறது. கண்ணாடி அயனோமர் உடையும்போது பெரும்பாலும் தன் உடலுக்குள்ளேயே உடைகிறது. டென்டினோடு ஒட்டிய மெல்லிய அடுக்கு பல்லிலேயே தங்கி நுண்குழாய்களை மூடிநிற்கிறது. நிரப்பி போனாலும் மூடல் போகவில்லை. இழுவிசை எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. மெல்லும் பரப்பில் தேய்வதும், பெரிய குழிகளில் உடைவதும் இதன் குறைகள்.

கால்சியம் சிலிக்கேட்: பெருமைக்கு உரியதும் உரியதல்லாததும்

கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபினெஜாத் 1993இல் அறிமுகப்படுத்திய எம்.டி.ஏ., அடிப்படையில் வீடு கட்டும் போர்ட்லாண்ட் சிமெண்ட்தான். தூய்மைப்படுத்தி, எக்ஸ்ரேயில் தெரிவதற்காக பிஸ்மத் ஆக்சைடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தது. கட்டடச் சிமெண்டைப் போலவே இதற்கும் நீர் வேண்டும். தண்ணீர் தெளித்து ஆறவைக்கும் கொத்தனாருக்கு இதன் வேதியியல் புதிதன்று. குருதியும் ஈரமும் உள்ள வேர்நுனியில் மற்றப் பொருள்கள் தோற்ற இடத்தில் இது வென்றதற்கு அதுவே காரணம். இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு வெளிவருகிறது, காரத்தன்மை 12.5 பிஎச் வரை உயர்கிறது. திசுநீரின் பாஸ்பேட்டோடு கால்சியம் சேர்ந்து, சிமெண்டுக்கும் டென்டினுக்கும் இடையே அபடைட் படிகிறது.

இதன் பெருங்குறை நேரம். இறுக இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். நோயாளியை அவ்வளவு நேரம் வாய் திறந்து உட்காரவைக்க முடியாது. பிரான்சின் செப்டோடான்ட் நிறுவனத்தின் பயோடென்டின் இந்தக் குறையைத் தீர்க்க வந்தது. டிரைகால்சியம் சிலிக்கேட் தூளோடு, வினையை விரைவுபடுத்தும் கால்சியம் குளோரைடு கலந்த திரவத்தைச் சேர்க்கும்போது, தயாரிப்பாளர் கணக்குப்படி ஏறத்தாழ 12 நிமிடத்தில் முதல் இறுக்கம் வந்துவிடுகிறது.

டென்டினோடு இது எப்படிப் பொருந்துகிறது? லண்டன் கிங்ஸ் கல்லூரியின் அத்மே, வாட்சன் முதலியோர் 2012இல் ஒளிரும் சாயங்களைக் கொண்டு சந்திப்பு எல்லையை நுண்ணோக்கியில் பார்த்தனர். சிமெண்டின் காரத்தன்மை டென்டினின் கொலாஜனைச் சற்றே சிதைத்து வழிவிட, அதன் வழியே கனிம அயனிகள் உள்ளே ஊடுருவியிருந்தன. இதைக் கனிம ஊடுருவல் வளையம் என்றனர். நுண்குழாய்களுக்குள் வால் போல் நீண்ட படிகங்களும் காணப்பட்டன. கண்ணாடி அயனோமர் தன் அமிலத்தால் டென்டினுக்குள் புகுகிறது. இது தன் காரத்தால் புகுகிறது. எதிரெதிர் வழிகளில் ஒரே வேலை நடப்பது வேதியியல் படிக்கும் மாணவருக்குச் சுவையான செய்தி.

ஆனால் இந்த வளையத்தைக் காட்டி, பயோடென்டின் டென்டினோடு ஒன்றாகிவிடுகிறது என்று எழுதுவது மிகை. கொலாஜன் சிதைந்த இடம் காலப்போக்கில் வலுப்பெறுமா, நலிவுறுமா என்பதை எல்லைப் படம் ஒன்றே சொல்லிவிடாது. மூடுதிறனை நேரடியாக அளந்த ஆய்வுகளும் அடக்கமாகவே பேசுகின்றன. 2012இல் குளுக்கோஸ் கசிவை அளந்த கூபி குழுவும், வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு சோதித்த ரஸ்கின் குழுவும், ரெசின் கலந்த கண்ணாடி அயனோமருக்கு நிகராகப் பயோடென்டின் மூடியது என்றே கண்டன. முன்பூச்சு எதுவும் இன்றி அந்த நிலையை எட்டியது பாராட்டத்தக்கது. ஆயினும் நிகர் என்ற முடிவு விற்பனைத் தாளில் மேல் என்று மாறிவிடுகிறது.

சாயச் சோதனைகளின் குறை

இத்துறையின் பெரும்பாலான மூடுதிறன் ஆய்வுகள் ஒரே அச்சில் வார்த்தவை. பிடுங்கிய பல்லில் குழி தோண்டி நிரப்பி, 5 டிகிரிக்கும் 55 டிகிரிக்கும் இடையே சில நூறு முறை மாற்றிமாற்றி நீரில் தோய்த்து, பின் சாயத்தில் ஊறவைத்து, பல்லை நெடுக்காக அறுத்து, சாயம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று மதிப்பெண் இடுவது. செலவு குறைவு, சில வாரங்களில் முடியும். இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளின் முதுநிலை ஆய்வேடுகளிலும் இவ்வகை மிகுதி.

கால்சியம் சிலிக்கேட் விஷயத்தில் இந்தச் சோதனைக்கு ஒரு தனிக் கேடு உண்டு. அதிகம் பயன்படும் சாயம் மெத்திலீன் நீலம். காரக் கரைசலில் அதன் நிறம் மங்கிவிடும். வூ, வெசலிங்க் முதலியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய நிரப்பிகளோடு தொட்டிருந்த ஒரு விழுக்காட்டு மெத்திலீன் நீலக் கரைசல் வெளுத்தது. சாயம் உள்ளே போயிருக்கும். சிமெண்டின் காரம் அதை வெளுக்க வைத்திருக்கும். அறுத்துப் பார்ப்பவர் கசிவே இல்லை என்று எழுதுவார். நிறங்காட்டி நிறம் மாறுவதைப் பள்ளி ஆய்வகத்தில் பார்த்த எவருக்கும் இது தோன்றியிருக்க வேண்டும். ஆனாலும் 1998க்குப் பின்னும் அதே சாயத்தைக் கொண்டு அதே சிமெண்டுகள் சோதிக்கப்பட்டு வருகின்றன. எம்.டி.ஏ.யைப் பொறுத்தவரை நல்லவேளையாகச் சாயம் மட்டுமே சான்றன்று. 1995இல் கிருமிகளைக் கொண்டே செய்த சோதனையில், அது நிரப்பிய வேர்நுனிகளில் பெரும்பாலானவை 90 நாள் கசியாமல் நின்றன. அமால்கம் முதலியவை அதற்கு வெகு முன்பே கசிந்தன.

எதிர்ப்பக்கத்திலும் பிழை நேரும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைக்க மாதிரியை வெற்றிடத்தில் உலர்த்த வேண்டும். நீரைத் தன்னுள் கொண்ட சிமெண்டுகள் உலரும்போது சுருங்கி வெடிக்கும். கோடைக் குளத்துச் சேற்றில் விழும் வெடிப்பு எப்போதும் அங்கே இருந்தது என்று எவரும் சொல்லமாட்டார். இங்கே அப்படித்தான் இடைவெளி இத்தனை மைக்ரோமீட்டர் என்று அளந்து அட்டவணை இடுகிறார்கள். முதல் பிழை உயிர்ச்செயல் நிரப்பிக்குச் சாதகம், இரண்டாவது பாதகம். இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று சரிசெய்துவிடும் என்று எண்ணுவதற்கில்லை.

2007இல் ஜர்னல் ஆஃப் எண்டோடான்டிக்ஸ் இதழின் ஆசிரியர் குழு, பொருள்களை ஒப்பிடும் இத்தகைய கசிவு ஆய்வுகளின் பயனை வெளிப்படையாகவே ஐயுற்றது. அதே ஆண்டு ஹைன்ட்சே வெளியிட்ட மதிப்பாய்வுகளும், ஆய்வகத்தில் அளந்த விளிம்புத் தரத்துக்கும் நோயாளியின் வாயில் நிரப்பியின் ஆயுளுக்கும் நம்பத்தக்க தொடர்பு காணப்படவில்லை என்றன.

ரெசினில் கலந்த உயிர்ச்செயல்

மிகக் கடுமையாக மதிப்பிட வேண்டியது இந்த வகையைத்தான். அயனிகளை வெளியிட நீர் உள்ளே போய்வர வேண்டும்; ரெசின் நீடித்து உழைக்க நீர் உள்ளே வரக்கூடாது. இரண்டையும் ஒரே பசையில் தருகிறோம் என்பவர்கள் சான்றும் தரவேண்டும். ஆக்டிவா என்ற பெயரில் விற்கப்படும் பொருளை வான் டைக்கன், பல்லேசன், பெனெட்டி ஆகியோர் கடைவாய்ப் பற்களில் மரபான ரெசினோடு ஒப்பிட்டு 2019இல் முடிவை வெளியிட்டனர். டென்டினோடு தானே ஒட்டும் என்ற நம்பிக்கையில், குறுகிய அமிலப் பூச்சுக்குப் பின் ஒட்டுத்திரவம் இன்றி அது வைக்கப்பட்டது. ஓராண்டில் தோல்வி 24.1 விழுக்காடு, ஒட்டுத்திரவத்தோடு வைத்த மரபான ரெசினில் 2.5. கழன்று விழுந்தவை, வலி தந்தவை, ஓரத்தில் மீண்டும் சொத்தை கண்டவை எனத் தோல்விகள் எல்லாம் மூடுதிறனோடு தொடர்புடையவை. நான்கு பேரில் ஒருவர் ஓராண்டுக்குள் மறுபடியும் மருத்துவரின் நாற்காலியில் அமர நேர்ந்தது, பெயரில் உள்ள ஒரு சொல்லை நம்பியதால்.

மேலே வைப்பது எதை

பயோடென்டின் மெல்லும் பரப்பில் நெடுநாள் தாங்குவதில்லை. கூபி குழுவின் மருத்துவ ஆய்வில் அது ஆறு மாதம் வரை கடைவாய்ப் பல்லின் நிரப்பியாக நின்றது. பின் மேற்பரப்பு நலிந்ததால், அடியில் டென்டினுக்கு மாற்றாக விட்டு மேலே ரெசின் வைக்கப்பட்டது. இப்போது பெரும்பாலும் அடியில் பயோடென்டின், மேலே ரெசின் என்ற இரட்டை அடுக்கே வழக்கம். அப்போது மூடுதிறன் என்பது டென்டினுக்கும் சிமெண்டுக்கும் இடையே மட்டுமன்று, சிமெண்டுக்கும் ரெசினுக்கும் இடையேயும் உள்ள கேள்வியாகிறது. இந்த இரண்டாம் எல்லையைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை. 12 நிமிடத்தில் இறுகியதுபோல் தோன்றும் சிமெண்ட் உள்ளே முதிர நாள்கள் ஆகும். அதற்குள் மேலே வைத்த ரெசின் சுருங்கும்போது இளஞ்சிமெண்டை இழுக்கும். ஹாஷெம் குழு 2014இல் செய்த ஆய்வு, இரண்டு வாரத்துக்குமேல் காத்திருந்து ரெசின் வைப்பது நல்லது என்றது. நோயாளிக்கு அது இன்னொரு வருகை, இன்னொரு செலவு, வேலைக்கு இன்னொரு நாள் விடுப்பு. ஒரே அமர்வில் முடித்துத் தரச் சொல்லும் நோயாளிக்கும், முடித்துக்கொடுத்துவிடும் மருத்துவருக்கும் இந்த விலை தெரிந்திருக்க வேண்டும்.

ஆழ்ந்த சொத்தையில் பற்கூழ் வெளிப்படாதபோது அடியில் வைக்க எது மேல் என்பதையும் ஹாஷெம் குழு 2015இல் நேருக்கு நேர் பார்த்தது. 53 நோயாளிகளின் 72 பற்களில் பாதிக்குப் பயோடென்டின், பாதிக்குக் கண்ணாடி அயனோமர். ஓராண்டு முடிவில் இரண்டு பக்கமும் 83.3 விழுக்காடு வெற்றி. முப்பரிமாண எக்ஸ்ரேயில் வேர்நுனிப் புண்கள் ஆறியது பயோடென்டின் பக்கம் சற்று மிகுதி. நோயாளி உணர்ந்த அளவில் வேறுபாடு இல்லை. பற்கூழ் திறந்துவிட்ட இடத்திலும், வேர் துளைபட்ட இடத்திலும், குருதி நிற்காத வேர்நுனியிலும் கால்சியம் சிலிக்கேட்டுக்கு ஈடான மாற்று எளிதில் இல்லை. பற்கூழ் திறக்காத சாதாரணக் குழியில், விலை குறைந்த கண்ணாடி அயனோமரைக் கேட்டு வாங்கும் நோயாளி ஓராண்டுக் கணக்கில் எதையும் இழந்துவிடுவதாக இந்த ஆய்வு காட்டவில்லை.